கடின நீர் வீட்டுக்கு எந்த ஹீட்டர்? முதலில் தண்ணீர், பிறகு பம்ப், கடைசியில் கடை

கோவை, திருப்பூர், சேலம் பக்கம் புது வீடு கட்டுகிறவர்கள் வெந்நீர் ஹீட்டர் வாங்கப் போவது பெரும்பாலும் புதுமனை புகுவிழாவுக்கு முந்தைய வாரத்தில்தான். அதற்குள் குழாய்கள் சுவருக்குள் போயிருக்கும், டைல்ஸ் ஒட்டி முடிந்திருக்கும், மொட்டை மாடியில் தொட்டியும் ஏறியிருக்கும். கடைக்காரர் கேட்பது ஒரே கேள்வி: எத்தனை லிட்டர் வேண்டும்? உங்கள் தண்ணீரில் எவ்வளவு சுண்ணாம்பு இருக்கிறது, அது ஹீட்டருக்குள் எவ்வளவு அழுத்தத்தில் நுழைகிறது என்று அவர் கேட்கமாட்டார். ஹீட்டர் மூன்று வருடம் உழைக்குமா, பத்து வருடம் உழைக்குமா என்பது அந்த இரண்டு விஷயங்களில் இருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். தரைத்தளம், முதல் தளம், மூன்று குளியலறைகள், நான்கு பேர். ஆழ்துளைக் கிணற்று நீர். கடினத்தன்மை, அதாவது நீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 600 மில்லிகிராம். கொங்கு வட்டாரத்தில் இது யாரும் வியக்கும் எண் அல்ல. குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500, ஏற்கத்தக்க அளவாக 200 மில்லிகிராமைச் சொல்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளச் சொல்கிறது. இது குடிப்பதற்கான கணக்கு. கொதிநிலையை நோக்கிச் சூடேற்றும் பாத்திரத்துக்கு 200 என்பதே தாராளம்.

பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டரை நீரில் முக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறவர்கள் உண்டு. அந்த மீட்டர் கரைந்திருக்கும் எல்லா உப்புகளையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டும். அதில் கால்சியம், மக்னீசியம் எவ்வளவு, குளோரைடு எவ்வளவு என்று தெரியாது. ஹீட்டருக்கு இவை இரண்டு தனித்தனி நோய்கள். கால்சியம் படியும், குளோரைடு அரிக்கும். டி.டி.எஸ். 1200 காட்டும் இரண்டு வீடுகளில் ஒன்றில் குழாய் அடைத்துக்கொள்ளும், மற்றதில் துருப்பிடிக்காது என்று சொல்லி விற்ற ஸ்டீல் தொட்டியில் ஊசித் துளை விழும். சொட்டு முறையில் கடினத்தன்மை பார்க்கும் சிறு பரிசோதனைப் பெட்டி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. முழு அறிக்கை வேண்டுமென்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டி வாங்கலாம். ஹீட்டர் விலையோடு ஒப்பிட்டால் இது செலவே இல்லை.

படிவு எப்படி உருவாகிறது என்பது பள்ளிக்கூட வேதியியல்தான். நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடானதும் கார்பன் டை ஆக்சைடை விட்டுவிட்டுக் கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறி, இருப்பதிலேயே சூடான பரப்பில் போய் ஒட்டுகிறது. 60 டிகிரியைத் தாண்டினால் வேகம் நன்றாகவே கூடும். ஒரு குளியலறையில் தினம் 60 லிட்டர் வெந்நீர் செலவானால், வருடத்துக்கு ஹீட்டர் வழியாக ஓடும் கடினத்தன்மை மட்டும் 13 கிலோ. அதில் பத்தில் ஒரு பங்கு உள்ளே தங்கினாலும் ஒன்றேகால் கிலோ வெள்ளைக் கல்.

<b>மின்சாரக் கீசர்</b>

"உப்புப் படிந்தால் கரண்ட் பில் இரண்டு மடங்காகும்" என்று சாஃப்ட்னர் (நீரின் கடினத்தன்மையைப் போக்கும் கருவி) விற்பவர்கள் சொல்வார்கள். மின்சாரக் கீசரைப் பொறுத்தவரை இது மிகை. ஹீட்டிங் காயில் தண்ணீருக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது. அதன் மேல் எவ்வளவு கல் கட்டினாலும், அது உண்டாக்கும் வெப்பம் தண்ணீரைத் தவிர வேறெங்கும் போக வழியில்லை. கெடுவது காயிலின் ஆயுள். படிவுக்குள் சிக்கிய காயில் அளவுக்கு மீறிச் சூடாகி ஒரு நாள் எரிந்துபோகும். அடியில் சேரும் கசடு கொள்ளளவையும் குறைக்கும். ஆகவே கடின நீரில் கீசர் என்றால் மின்கட்டணத்தை விட்டுவிட்டுப் பராமரிப்பைக் கணக்குப் போடுங்கள்: வருடம் ஒரு முறை திறந்து, காயிலைச் சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து, கசடை வடித்து, மக்னீசியம் ஆனோடு தண்டு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்தத் தண்டு தொட்டிக்குப் பதிலாகத் தான் கரைந்துபோவதற்காகவே வைக்கப்பட்டது. பலரும் அப்படி ஒன்று உள்ளே இருப்பதையே அறியாமல் தொட்டி ஓட்டையான பிறகு தெரிந்துகொள்கிறார்கள். சில பிளம்பர்கள் கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றிச் சுத்தம் செய்வார்கள். அனுமதிக்காதீர்கள், கல்லோடு உலோகமும் போகும்.

வெப்பநிலைக் குமிழை 75-இல் வைத்துவிட்டுக் குளிர்ந்த நீரைக் கலந்து குளிப்பது படிவை நீங்களே அழைப்பதற்குச் சமம். 55 போதும். அதற்காக 40-45 என்று இறக்கி, நாள்கணக்கில் வெதுவெதுப்பாக வைத்திருக்கவும் கூடாது. நுரையீரலைத் தாக்கும் லீஜியோனெல்லா பாக்டீரியாவுக்கு 20 முதல் 45 டிகிரி வரை வளர்ச்சிக்கு வசதியான சூடு. ஊருக்குப் போய்விட்டு வந்தால் ஒரு முறை 60-க்கு மேல் கொதிக்கவிட்டுப் பிறகு பயன்படுத்துவது நல்லது.

தொட்டி எதனால் ஆனது என்பதில் குளோரைடு அறிக்கை உதவும். குளோரைடு 200 மில்லிகிராமைத் தாண்டினால், கடலோர ஊர்களில் சாதாரணமாகத் தாண்டும், 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை நான் நம்பமாட்டேன். கண்ணாடிப் பூச்சு இட்ட எஃகுத் தொட்டிதான் அங்கே சரி. சாஃப்ட்னர் இந்த விஷயத்தில் உதவாது. அது குளோரைடைத் தொடுவதே இல்லை.

உடனடிக் கீசர் என்னும் மூன்று லிட்டர்ப் பெட்டியைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 3 கிலோவாட் காயில், ஓடும் தண்ணீரை 15 டிகிரி சூடேற்ற வேண்டுமென்றால் நிமிடத்துக்கு மூன்று லிட்டருக்குமேல் ஓடக்கூடாது. பிரஷர் பம்ப் வைத்த வீட்டில் ஷவர் நிமிடத்துக்குப் பத்து லிட்டர் கொட்டும். அப்போது சூடு நான்கு டிகிரிதான் ஏறும். சமையலறைத் தொட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

<b>சோலார்: கண்ணாடிக் குழாயா, தாமிரத் தகடா</b>

மொட்டை மாடிகளில் இன்று அதிகம் காண்பது வெற்றிடக் கண்ணாடிக் குழாய் வகை. ஒவ்வொரு குழாயிலும் சுமார் மூன்று லிட்டர் நீர் நிற்கும். அடிப்பகுதியில் சுண்ணாம்பு சேர்ந்தாலும் அகலமான குழாய் என்பதால் ஓட்டம் சட்டென்று நிற்காது, கழற்றிக் கழுவலாம், உடைந்தால் ஒன்றை மட்டும் மாற்றலாம். கடின நீருக்கு இதுவே ஏற்றது என்று விற்பனையாளர்கள் சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. ஆனால் இதன் எதிரி கோடை. மே மாதத்தில் யாரும் வெந்நீரில் குளிப்பதில்லை. தொட்டியில் நீர் 80 டிகிரியைத் தாண்டி நாள்கணக்கில் நிற்கும். வருடத்தின் மோசமான படிவு அந்தக் கோடை மாதங்களில்தான் நடக்கிறது. குழாய்களைத் துணியோ தார்ப்பாயோ போட்டு மூடிவிடும் வீடுகள் புத்திசாலித்தனமானவை. இன்னொரு ஆபத்து, மேல்நிலைத் தொட்டி காலியாகி, கண்ணாடிக் குழாய்கள் வறண்டு காய்ந்துகொண்டிருக்கும் நண்பகலில் மோட்டாரைப் போடுவது. குளிர்ந்த நீர் பட்டதும் கண்ணாடி விரிசல் விடும். அந்த நிலையில் மாலை வரை பொறுத்திருங்கள்.

தட்டைத் தகடு வகையில் நீர் ஏறுவது அரை அங்குலத் தாமிரக் குழாய்களில். அங்கே பம்ப் கிடையாது. சூடான நீர் இலேசாகி மேலே போவதும் குளிர்ந்த நீர் கீழே இறங்குவதும்தான் ஓட்டம். அந்த உந்துதல் மிகச் சிறியது. உள்சுவரில் ஒரு மில்லிமீட்டர் கல் கட்டினால் மெதுவான ஓட்டத்தின் அளவு பாதிக்கும் கீழே இறங்கிவிடும், ஏனென்றால் இத்தகைய ஓட்டம் விட்டத்தின் நான்காம் மடிக்கு ஏற்ப மாறுகிறது. 600 கடினத்தன்மையில் இந்த வகையை நேரடியாக இணைப்பது பணத்தை வெயிலில் காயவைப்பதுதான்.

இதற்கு மாற்று, வெப்பப் பரிமாற்றி வைத்த தகடு. தகட்டுக்குள் சுற்றுவது தாது நீக்கிய தனி நீர். அது தொட்டியைச் சுற்றியுள்ள உறைக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பும். குளிக்கிற நீர் தகட்டுக்குள் போவதே இல்லை. உதகை, கொடைக்கானலில் உறைபனிக்குப் பயந்து இதே சுற்றில் உறைதடுப்பான் கலக்கிறார்கள். விலை கூடுதல், சூடு சற்றே குறைவு, சுற்றில் நீர் குறைந்திருக்கிறதா என்று வருடம் ஒருமுறை பார்க்க வேண்டும். கடின நீரில் சோலார்தான் வேண்டும், அதோடு மல்லுக்கட்டவும் முடியாது என்பவர்களுக்கு இதைச் சொல்வேன்.

<b>ஹீட் பம்ப்</b>

காற்றிலிருந்து சூட்டை எடுத்து ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பம் தருகிறது என்பதால் இப்போது இதன் மேல் ஒரு மோகம் இருக்கிறது. கடையில் ஒரே ஒரு விஷயத்தைக் கேளுங்கள்: சூடேற்றும் சுருள் தொட்டியின் வெளிச்சுவரில் சுற்றியிருக்கிறதா, அல்லது வெளியே தனித் தகட்டுப் பரிமாற்றியும் சுழற்சிப் பம்ப்பும் இருக்கின்றனவா? முதல் வகையில் சுண்ணாம்பு தொட்டிச் சுவரில் பரவலாகப் படிவதோடு சரி. இரண்டாவதில் மெல்லிய தகடுகளின் இடுக்குகளில் நீர் ஓடுகிறது. அங்கே கல் கட்டினால் சுழற்சி குறையும், குளிர்பதன அழுத்தம் ஏறும், இயந்திரம் பிழைக்குறி காட்டி நின்றுவிடும். மின்சாரக் கீசரில் மிகை என்று சொன்ன "பில் ஏறும்" எச்சரிக்கை இங்கே முழு உண்மை. மென்னீர் இல்லாத வீட்டில் இரண்டாவது வகை வேண்டவே வேண்டாம்.

இதன் சிக்கனத்தையும் அளந்து பார்க்க வேண்டும். நான்கு பேர், ஆளுக்கு 40 லிட்டர், 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு: ஒரு நாளைக்குத் தேவை மூன்று யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. ஹீட் பம்ப் மிச்சப்படுத்துவது நாளைக்கு இரண்டு யூனிட். சென்னையில் வருடத்தில் நான்கைந்து மாதமே வெந்நீரில் குளிக்கும் குடும்பத்துக்கு அந்தப் பணம் திரும்பி வர வெகுகாலம் ஆகும். எட்டுப் பேர் உள்ள கூட்டுக் குடும்பத்துக்கும், தங்கும் விடுதிக்கும் கணக்கு வேறு.

<b>தண்ணீரை மாற்றுவதா, பொறுத்துக்கொள்வதா</b>

கோவைக்காரர்களுக்குச் சிறுவாணி அணை நீர் என்னும் வரம் இருக்கிறது. இணைப்பு உள்ள வீட்டில், அந்த மென்னீரைக் குடிக்க மட்டும் வைத்துக்கொண்டு போர் தண்ணீரை ஹீட்டருக்கு விடுவதுதான் வழக்கம். மாடியில் 500 லிட்டர் தனித் தொட்டி வைத்து, மாநகராட்சி நீரை ஹீட்டர்களுக்கு மட்டும் இறக்கினால் இந்தக் கட்டுரையின் பாதிச் சிக்கல் காணாமல் போகும். ஒரு நாளைக்கு 160 லிட்டர்தான் செலவு. வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் விநியோகம் வந்தாலே சமாளிக்கலாம். பிற ஊர்களில் ஆற்று நீர்க் குடிநீர்த் திட்ட இணைப்பு இருந்தாலும் இதே வழிதான்.

அப்படி எதுவும் இல்லையென்றால் சாஃப்ட்னர். ரெசின் மணிகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். டி.டி.எஸ். குறையாது, குறையவில்லையே என்று சண்டைக்குப் போகாதீர்கள். ஒரு லிட்டர் ரெசின் நடைமுறையில் 50 கிராம் அளவு கடினத்தன்மையைப் பிடிக்கும். 25 லிட்டர் ரெசின் உள்ள பெட்டி, நம் 600 நீரில் சுமார் 2000 லிட்டரை மென்மையாக்கியதும் உப்புக் கரைசலில் கழுவப்பட வேண்டும். ஒவ்வொரு முறையும் மூன்று கிலோ உப்பு. முழு வீட்டுக்கும் ஆளுக்கு 135 லிட்டர் என்றால் நான்கு நாளுக்கொரு கழுவல். வெந்நீருக்கு மட்டும் என்றால் பன்னிரண்டு நாளுக்கொரு முறை. கழுவிய உப்பு நீரைத் தென்னைக்குப் பாய்ச்சக்கூடாது. எனவே முழு வீட்டுக்கும் சாஃப்ட்னர் என்ற யோசனை எனக்கு உவப்பில்லை. வெந்நீர்த் தடத்துக்கு மட்டும் வையுங்கள்.

வைக்கும் இடத்தில்தான் பம்ப் ஓட்டம் குறுக்கே வருகிறது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் வைத்தால், ரெசின் படுக்கையைக் கடந்து வர அந்த நீருக்கு அழுத்தம் போதாது. ஷவரில் நூல் போல வடியும். கீழே சம்ப் மோட்டாரின் ஏற்றுக் குழாயில் வைத்தால் அழுத்தம் உண்டு, ஆனால் வேகம் மிகும். 25 லிட்டர் ரெசினுக்கு நிமிடத்துக்கு 17 லிட்டர் அளவே நிதானமான ஓட்டம். வீட்டு மோட்டார்கள் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேலும் தள்ளும். நீர் அவசரமாக ஓடினால் மணிகளோடு உறவாட நேரமின்றிக் கடினத்தன்மையோடு மறுபுறம் வந்துவிடும். இதற்குத் தீர்வு, ஏற்றுக் குழாயில் ஒரு கிளை எடுத்து, வால்வைப் பாதி மூடி, சாஃப்ட்னர் வழியாகச் சிறு தொட்டிக்கு விடுவது. மீதி நீர் வழக்கம்போலப் பெரிய தொட்டிக்குப் போகும். சிறு தொட்டி நிரம்பி மிதவை வால்வு மூடிக்கொண்டாலும் மோட்டார் முட்டிக்கொள்ளாது. ஓட்டம் சரியா என்று பார்க்க ஒரு வாளியும் கைக்கடிகாரமும் போதும்.

பாலிபாஸ்பேட் மணிகள் போட்ட சிறு வடிகட்டி மலிவு. படிவைத் தடுக்காவிட்டாலும் தாமதப்படுத்தும். 60 டிகிரிக்கு மேல் அதன் திறன் குன்றும். ஆகவே 55-இல் ஓடும் கீசருக்குச் சரி, சோலாருக்குப் பயனில்லை. குழாய் மேல் கம்பி சுற்றும் மின்னணுக் கருவிகள், காந்தங்கள் ஆகியவற்றின் பலன் வீட்டுக்கு வீடு முரண்படுகிறது. என் பணத்தை அதில் போடமாட்டேன்.

<b>பிரஷர் பம்ப்</b>

முதல் தளத்து ஷவருக்கும் மாடித் தொட்டிக்கும் இடையே மூன்று மீட்டர் உயரம் இருந்தால் கிடைக்கும் அழுத்தம் 0.3 பார் (பத்து மீட்டர் உயர நீர் தரும் அழுத்தம் ஏறக்குறைய ஒரு பார்). அகலமான மழை ஷவர் வாங்கியவர்கள் அதன் அடியில் நின்று ஏமாந்த பிறகுதான் பிரஷர் பம்ப்புக்கு ஓடுகிறார்கள். அங்கே நடக்கும் பெருங்கோளாறு, பம்ப்பைக் குளிர்ந்த நீர்த் தடத்தில் மட்டும் வைப்பது. சோலார் தொட்டி அழுத்தம் தாங்காது என்பதால் பிளம்பர் அப்படிச் செய்வார். பிறகு, சுவர் மிக்சரில் இரண்டு குழாயும் திறந்து கைஷவர் மட்டும் மூடியிருக்கும் ஒவ்வொரு தருணத்திலும், அழுத்தமுள்ள குளிர்ந்த நீர் வெந்நீர்க் குழாய் வழியாக மேலேறிச் சோலார் தொட்டிக்குள் புகுந்து, அதன் மேல் திறந்திருக்கும் காற்றுக்குழாய் வழியாக மாடியில் வழியும். வீட்டுக்காரர் சோலார் நிறுவனத்தைத் திட்டுவார். திட்டத் தகுந்தவர் வேறு.

கண்ணாடிக் குழாய்ச் சோலாரில் பம்ப் வேண்டுமென்றால் குளிர்ந்த தடத்துக்கு ஒன்று, சோலார் தொட்டிக்கு வெளியே வெந்நீர்த் தடத்துக்கு இன்னொன்று, இரண்டிலும் நீரை ஒரே திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு. வெந்நீர்ப் பம்ப் எத்தனை டிகிரி தாங்கும் என்று பெயர்ப் பலகையில் பார்த்து வாங்குங்கள். மே மாத 80 டிகிரியை எல்லாப் பம்ப்பும் தாங்காது. அது உறிஞ்சும் வேகத்துக்கு ஈடாகச் சோலார் தொட்டிக்கு நீர் வந்து சேரும்படி நுழைவுக் குழாய் அகலமாக இருக்க வேண்டும். காற்றுக்குழாய் அடைபட்டிருக்கும்போது பம்ப் உறிஞ்சினால் தொட்டியே உள்நோக்கி நசுங்கும்.

மின்சாரக் கீசர் உள்ள வீட்டில் இந்தத் தொல்லை கிடையாது. மாடித் தொட்டிக்கு அடியில் ஒரே பம்ப், அதிலிருந்து குளிர்ந்த தடமும் கீசர்களும். 8 பார் தாங்கும் என்று குறிப்பிட்ட கீசருக்கு வீட்டுப் பம்ப்பின் இரண்டு மூன்று பார் ஒரு பொருட்டல்ல.

குழாயின் நீளமும் இங்கே சேரும். மாடிச் சோலாரிலிருந்து தரைத்தளக் குளியலறைக்கு 20 மீட்டர் என்றால், முக்கால் அங்குல சி.பி.வி.சி. (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்) குழாயில் ஐந்து லிட்டரும் ஒரு அங்குலத்தில் எட்டரை லிட்டரும் ஆறிய நீராக முதலில் வரும். சுழற்சிப் பம்ப் வைத்தால் உடனே சூடு வரும் என்பார்கள். வரும், ஆனால் அது தொட்டியின் மேலடுக்குச் சூட்டையும் கீழடுக்குக் குளிர்ச்சியையும் கலக்கி, இரவெல்லாம் குழாய் வழியாகச் சூட்டை இழக்கும். நான்கு பேர் வீட்டுக்கு அது வேண்டாத ஆடம்பரம். குழாய்க்கு நல்ல உறை போட்டு, முதல் வாளியைச் செடிக்கு ஊற்றிக்கொள்ளலாம்.

<b>நம் வீட்டுக்கு</b>

சிறுவாணி போன்ற மென்னீர் கிடைத்தால், சிறு தனித் தொட்டியும் கண்ணாடிக் குழாய்ச் சோலாரும். பம்ப் இல்லாமல் தொட்டியின் பீடத்தை இன்னும் உயர்த்திக்கொள்ளலாம். 600 கடின நீர் மட்டும்தான் என்றால் குளியலறைக்கு ஒன்றாகக் கண்ணாடிப் பூச்சுக் கீசர், 55 டிகிரி, வருடம் ஒரு சுத்தம், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே பம்ப். நாளைக்கு மூன்று யூனிட்தான் தேவை என்னும்போது, சோலாரையும் சாஃப்ட்னரையும் சேர்த்துக் கட்டிக்காப்பது எனக்குக் கட்டுப்படியாகத் தோன்றவில்லை. மலைப்பகுதியில் வருடம் முழுக்க வெந்நீர் வேண்டும் என்றாலோ, வீட்டில் ஆள் அதிகம் என்றாலோ வெப்பப் பரிமாற்றி வைத்த தகடு அல்லது தொட்டிச் சுவரில் சுருள் சுற்றிய ஹீட் பம்ப்.

எதை வாங்கினாலும் ஹீட்டரின் இரு பக்கமும் யூனியன் இணைப்பும் (குழாயை வெட்டாமல் கழற்றி மாட்டும் இணைப்பு) மூடும் வால்வும் வைக்கச் சொல்லுங்கள். அவை இல்லாத ஹீட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய யாரும் வரமாட்டார்கள். பம்ப் வைத்த பிறகு கீசரின் பாதுகாப்பு வால்வு சூடேறும்போது சொட்டினால் பதற வேண்டாம். 25 லிட்டர் நீர் 60 டிகிரிக்கு ஏறும்போது 350 மில்லிலிட்டர் விரிவடையும். முன்பு அது மாடித் தொட்டிக்கே திரும்பிப் போனது. இப்போது நான்-ரிட்டர்ன் வால்வு வழியை மறித்துக்கொண்டிருக்கிறது. சொட்டுகிறதே என்று அந்தப் பாதுகாப்பு வால்வை அடைத்துவிடும் பிளம்பரை மட்டும் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுங்கள்.